தானாக ‘ரேஸ்’ ஆகும் வண்டி

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஸ்தாபிக்கப்பட்டு, மறு ஆண்டு மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி முதலான நெல்வயல் கிராமங்களைச் சுற்றிய சாலைகளில் மோட்டார் வண்டிகள் பெருகின. பூமியைக் கீறும் ராட்சத இயந்திரங்களைப் பற்றி எழுதியவர் பலர்.  ஆனால் அந்தச் சாலைகளில் ஓடிய சிறிய கார்களைப் பேணிய மெக்கானிக்கின் வித்தைக்குச் சரித்திரம் எழுதுவார் அரியர். நின்ற நிலையில் எஞ்சின் சில வேளை தடுமாறியும், சில வேளை யாரும் மிதிக்காமலே வேகமெடுத்தும், பட்டறைக்குக் கொண்டுவந்தவுடன் ஒன்றுமறியாததுபோல் சீராக ஓடியும் மனிதரை அலைக்கழிக்கும் கோளாறே அவ்வித்தையின் கடினமான பரீட்சை.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு ஆதிப் பள்ளிக்கூடங்கள் பஸ் கம்பெனிகளே. 1912இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய பஸ் போக்குவரத்தும், 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய பஸ்ஸும், பின்னாளில் பெரும் ஸ்தாபனங்களாக வளர்ந்து, தம் பட்டறைகளில் எத்தனையோ இளைஞரைத் தொழிலுக்குப் பழக்கின. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகிப்போய், கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டி ஓட்டவேண்டி வந்த காலத்தில், காற்றும் வாயுவும் எந்த அளவில் கலக்கவேண்டும் என்பதைக் கையும் காதுமாக இருந்து அவர்களே நிர்ணயித்தார்கள். அந்தக் காதே அடுத்த தலைமுறைக்கு ஆஸ்தியாயிற்று.

அந்த ஆஸ்தி பயன்பட்ட பொற்காலம், அம்பாசிடரும் ஃபியட்டும், சென்னையை அடுத்து உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சாலைகளை ஆண்ட காலம். ‘ஸ்லோ ஸ்பீடு நிக்கல, மிஸ் அடிக்குது’ என்று வண்டி வந்தால், அனுபவசாலியான மெக்கானிக் உடனே கார்புரேட்டரைக் கழற்றமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுத்தபோது ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யவில்லை என்று முதலில் தீர்மானிப்பார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, சுமார் 0.015 அங்குலம் இருக்கவேண்டிய பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சோதிப்பார். அங்கே புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் இடைவெளி நிலைகொள்ளாமல், மிஸ்ஸிங் வருவதும் மறைவதுமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுவும் செம்மையாக இருந்தால், மானிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்திலும், தேய்ந்துபோன திராட்டில் தண்டின் இருபுறமும் சில சொட்டு எண்ணெய் விட்டுக் காது கொடுப்பார். ஓசை மாறினால் காற்று இழுக்கும் இடம் அதுவே. தானாக ரேஸ் ஆகும் வண்டியிலோ, திரும்பாமல் சிக்கிய சோக் கேபிளையும் தளர்ந்த ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங்கையும் முதலில் பார்ப்பார். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி எஞ்சின் திணறும்போது, ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுச் சிறிது நேரம் காத்திருப்பதே சிகிச்சை. இவ்வளவுக்கும் கருவி என்று சொல்லத்தக்கது ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு ஃபீலர் கேஜுமே. மற்றதெல்லாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் நிதானம். சாஸ்திரீயமான சோதனை என்று நாம் மதிக்கும் முறை இதைவிட வேறன்று.

1983இல் மாருதி வந்தபோதும் கார்புரேட்டர் தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் இறுகியதோடு கார்களில் கார்புரேட்டரின் ஆட்சி முடிந்து, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்செக்டர்களும் அவற்றை ஆளும் கம்ப்யூட்டரும் வந்தன. அப்போது நேர்ந்த விசித்திரம் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய எஞ்சினில் எங்கோ காற்றுக் கசிந்தால் கலவை மெலிந்து ஓட்டம் தடுமாறும். மானிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு பெட்ரோலை அளக்கும் புதிய எஞ்சினிலோ, அதே கசிவினால் அழுத்தம் உயர, அதற்கேற்பக் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டித் தர, ஓட்டம் தடுமாறுவதற்குப் பதிலாக வேகமெடுக்கும். ஒரே நோய்க்கு எதிர்மாறான குறி தோன்றியதால், கைதேர்ந்தவர்களும் திகைத்தார்கள். அழுக்கடைந்த ஐடில் வால்வும், எஞ்சின் சூடாகியும் ‘குளிர்ந்தே இருக்கிறது’ என்று இடையிடையே பொய் சொல்லும் உஷ்ண சென்சாரும் இதே குறியைத் தரவல்லவை. கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர், அதில் பதிந்த கோளாறின் எண்ணைக் காட்டும். ஆனால் வந்து மறையும் கோளாறு பல சமயம் எண்ணாகப் பதிவதற்குள் போய்விடுகிறது. அப்போது எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஒவ்வொரு வயரையும் குழாயையும் அசைத்துக் காது கொடுக்கும் பழைய முறையைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, ஸ்கேனர் வந்ததால் அந்தக் காதுக்கு வேலை போயிற்று என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். காட்டிய எண்ணை நம்பி, சோதியாமலே விலையுயர்ந்த பாகத்தை மாற்றும் வழக்கம் இத்தொழிலுக்கு நேர்ந்த பெரும் நஷ்டம்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோளாறு வரும்போது எஞ்சின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, ஏசி போட்டிருந்ததா, மழை பெய்ததா என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வண்டியை அவரிடம் ஒரு நாள் முழுதும் விட்டு வாருங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்த நேரத்துக்கும், பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், முகம் கோணாமல் கூலி கொடுங்கள்.