சிப்பி இல்லை, நண்டுக்குச் சொந்தம்

பாடியில எங்க வீட்டு ஷோகேஸ்ல ஒரு வெள்ளை ஓடு இருக்கு. பெசன்ட் நகர் கரையில பொறுக்கினது. ‘சிப்பி’ன்னு சீட்டு ஒட்டியிருந்தேன். தப்பு! அது கடலாமை முதுகில் வளரும் கொட்டலசு, அதாவது பார்னக்கிள். திமிங்கலத் தோலில் பதிந்து வாழும் கொரோனுலாவுக்கு நெருங்கிய சொந்தம்.

லின்னேயஸும் 1758-ல் ஓட்டைப் பார்த்து இவற்றைச் சிப்பிகளோடுதான் சேர்த்தார். ஜான் வாகன் தாம்சன் குஞ்சுகளைக் கவனித்து 1830-ல் வெளியிட்டார். அவை காலை உதைத்து நீந்தின. பிறகு ஒட்டிக்கொண்டு ஓடு கட்டின. இறால், நண்டு வம்சம்! டார்வின் 8 வருஷம் உழைத்து, உயிருள்ளவை, புதைபடிவங்கள் இரண்டையும் 1851-லும் 1854-லும் வகைப்படுத்தி வெளியிட்டார். நம்ம சென்னைக் கரை இனங்களை ஏ. டேனியல் 1956-ல் எழும்பூர் அருங்காட்சியக வெளியீட்டில் பதிவு செய்தார்.

பேர்ல என்ன இருக்குன்னு கேட்கலாம். திமிங்கலம் நீந்திய கடல்களின் தடயம் அந்த ஓட்டின் வளர்ச்சி அடுக்குகளில் தங்குது. புதைபடிவத்தைச் சிப்பின்னு எழுதிட்டா, பல லட்சம் வருஷத்துக்கு முந்தைய வலசைப் பாதையை ஒரே இடத்துக் கதைன்னு படிச்சிருவோம்.

சீட்டை மாத்திட்டேன்.