வானத்தை வாசித்த துறவியர்

கரீபியக் கடல் தீவுகளின் திருச்சபையில் முற்காலத்தே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டின் சில மாதங்களில் மட்டும், புயல்களை விலக்கியருள வேண்டும் என்னும் இலத்தீன் மன்றாட்டு ஒன்று திருப்பலியில் சேர்த்துச் சொல்லப்பட்டது. புவர்ட்டோ ரிக்கோவில் அது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒலித்தது. கியூபாவிலோ செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஒலித்தது. ஒரே கடல், ஒரே விசுவாசம், ஒரே செபம். மாதங்கள் மட்டும் ஏன் மாறின?

காரணத்தை இயற்கையே சொல்கிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சூறாவளிகள் பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலின் கிழக்கே தோன்றி மேற்கு நோக்கி வருகின்றன. அவற்றின் வழியில் புவர்ட்டோ ரிக்கோ முன்னே நிற்கிறது. அக்டோபரிலோ மேற்குக் கரீபியக் கடலிலேயே அவை உருவாகி வடக்கே திரும்புகின்றன. அப்போது அடிபடுவது கியூபா. கருவிகள் இல்லாத காலத்திலேயே, தலைமுறை தலைமுறையாகப் பட்ட துன்பத்தின் அறிவைத் திருச்சபை தன் செபத்தில் எழுதி வைத்திருந்தது. இதனை எடுத்துக்காட்டியவர் ஒரு துறவி. அவரைப் பற்றியும், அவர் வழிவந்தோரின் குரல் தடுக்கப்பட்ட ஓர் ஆண்டைப் பற்றியும் இங்கே சிந்திக்க விழைகிறோம்.

சூறாவளியின் இயல்பை முதலில் சுருக்கமாகக் காண்போம். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் கொள்ளும்போது, நீராவி பெருகி மேலெழுகிறது. அது மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளியிடும் வெப்பமே புயலுக்கு உணவு. மேலெழுந்த காற்றின் இடத்தை நிரப்பச் சுற்றுப்புறத்துக் காற்று விரைகிறது. பூமியின் சுழற்சியால் வளைந்து, வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இதற்குரிய பருவம். செப்டம்பர் முதற்பாதியில் அதன் உச்சம். காற்றைவிடக் கடலே அதிக உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது; ஆழமற்ற கரையோரத்தில் அந்நீர் திரும்பிச் செல்ல வழியின்றி மலைபோல் உயர்கிறது.

1870-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் பிறந்த இயேசு சபைக் குரு பெனிட்டோ வினியேஸ், ஹவானா நகரத்துப் பெலன் கல்லூரியின் வானிலைக் கூடத்துக்குத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது 33. நாள்தோறும் பலமுறை காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் காற்றின் திசையையும் குறித்தார். கல்லூரியில் முன்னோர் விட்டுச்சென்ற பதிவேடுகளைத் துருவினார். பெரும்புயல் கடந்த ஊர்களுக்கு நேரில் சென்று, சாய்ந்த மரங்கள் எத்திசையில் கிடக்கின்றன என்பது வரை விசாரித்தார்.

அவருடைய பெருங்கண்டுபிடிப்பு மேகங்களில் இருந்தது. சூறாவளி தொலைவில் இருக்கும்போதே, வானின் உச்சியில் மெல்லிய கீற்று மேகங்கள் விசிறிபோல் விரிந்து தோன்றும். அக்கீற்றுகள் யாவும் அடிவானில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவன போலத் தெரியும். அத்திசையிலேதான் புயலின் மையம் உள்ளது என்று அவர் தெளிந்தார். கீழே காற்று மையத்தை நோக்கி உள்ளே பாய்கிறது. உச்சியிலோ அது வெளியே பரவுகிறது. செயற்கைக்கோள் எதுவும் இல்லாத காலத்தில், மாடியில் நின்ற மனிதர் ஒருவர் கண்ணுக்கெட்டாத தொலைவிலுள்ள புயலின் இருப்பிடத்தையும் போக்கையும் கணித்தார்.

1875 செப்டம்பர் 11-ஆம் நாள் அவருடைய எச்சரிக்கை ஹவானா நாளிதழ்களில் வெளிவந்தது. இரண்டே நாளில் சூறாவளி கியூபாவின் தென்கரையைத் தாக்கியது. அதன்பின் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். தந்திக் கம்பிகள் வழியே பல தீவுகளின் செய்திகள் அவரிடம் வந்து சேர்ந்தன. 1893-இல் அவர் இறந்தபோது, அவர் வளர்த்த கலை பெலனிலேயே தொடர்ந்தது. உலகின் மறுகோடியில், மணிலாவில், அதே சபையின் ஃபெதரிக்கோ ஃபௌரா 1879-இல் சூறாவளி எச்சரிக்கை விடுக்கத் தொடங்கியிருந்தார். நமது வங்கக்கடலும் இவ்வரலாற்றுக்குப் புறம்பன்று; இச்சுழற்புயலுக்குச் 'சைக்ளோன்' என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன்.

இனி வருவது துயரக் கதை. 1898-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கியூபா அமெரிக்கப் படைகளின் ஆட்சிக்கு உட்பட்டது. அமெரிக்க வானிலைத் துறை ஹவானாவில் தன் அலுவலகத்தை நிறுவியது. கியூபாவின் கணிப்பாளர்கள் மக்களை வீணே அச்சுறுத்துகின்றனர் என்று அத்துறையினர் கருதினர். 1900 ஆகஸ்டில், புயற்பருவம் உச்சத்தை நெருங்கும் வேளையில், துறைத்தலைவர் வில்லிஸ் மூரின் முயற்சியால், கியூபாவிலிருந்து அவர்கள் வானிலைத் தந்தி அனுப்புவது தடை செய்யப்பட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வழக்கம்போல் வடக்கே வளைந்து புளோரிடாவைத் தாண்டி அட்லாண்டிக்குக்குச் செல்லும் என்று அமெரிக்கத் துறை எதிர்பார்த்தது. பெலனில் வினியேசுக்குப்பின் பொறுப்பேற்றிருந்த லொரென்சோ காங்கோய்ட்டே அடிகளார் வானத்தைக் கண்டு வேறு முடிவுக்கு வந்தார்: புயல் வலுத்து, மெக்சிகோ வளைகுடாவினூடே டெக்சாஸ் நோக்கிச் செல்கிறது. அவர் கணிப்பே சரியாயிற்று.

டெக்சாஸ் கரையில் கால்வெஸ்டன் என்னும் மணல் தீவு நகரம். மக்கள் ஏறத்தாழ 38,000 பேர். அதன் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 9 அடிதான். அங்கே கடற்சுவர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்தபோது, நகரத்து வானிலை அதிகாரி ஐசக் கிளைன் 1891-இல் நாளிதழில் எழுதிய கட்டுரையில், பெரும்புயல் அந்நகரைச் சீரழிக்கும் என்பது வீண்கற்பனை என்றார். 1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியபோதும் கடல்நீர் நகருக்குள் ஏறிக்கொண்டே வந்தது. நெடிய அலைகள் இடையறாது கரையை மோதின. இரவுக்குள் 15 அடிக்கு மேல் உயர்ந்த வெள்ளம் தீவை மூழ்கடித்தது. இறந்தோர் 6,000 முதல் 12,000 வரை என மதிப்பிடுவர். கிளைனின் மனைவியும் அவர்களுள் ஒருவர்.

கரையோரத்தில் தூய மரியன்னை அநாதை இல்லம் இருந்தது. அவதரித்த வார்த்தையின் பிறரன்புச் சகோதரிகள் பத்துப்பேர் 93 குழந்தைகளைப் பேணி வந்தனர். தண்ணீர் ஏற ஏற, சகோதரிகள் குழந்தைகளைச் சிற்றாலயத்திலும் பின்னர் மாடியிலும் கூட்டி, அலைகளின் அரசியாகிய அன்னையை நோக்கிப் பாடச் செய்தனர். பின்னர் துணி உலர்த்தும் கயிற்றால் ஒவ்வொரு சகோதரியும் சில குழந்தைகளைத் தம் இடையோடு பிணைத்துக்கொண்டார். கட்டடம் இடிந்தது. பிழைத்தோர் மூன்று சிறுவர் மட்டுமே. பின்னர் கண்டெடுக்கப்பட்ட சகோதரியரின் உடல்களில் குழந்தைகள் பிணைக்கப்பட்டே இருந்தனர். அந்நாள் அன்னை மரியாவின் பிறந்த நாள். வேளாங்கண்ணியில் நம் மக்கள் பெருந்திரளாய்த் திருவிழாக் கொண்டாடும் அதே நாள். இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 8-இல் அச்சபையின் சகோதரிகள் உலகின் எம்மூலையில் இருந்தாலும் அப்பாடலைப் பாடி, இறந்தோரை நினைவுகூர்கின்றனர்.

ஒரு தந்தி சென்றிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று நாம் வாதிடவில்லை. தந்தி ஊரைச் சேரலாம். ஊரார் நம்பவும் வேண்டும். ஆயினும் ஒன்று உறுதி: அறிந்தவர் இருந்தார், அவர் வாய் அடைக்கப்பட்டது. அடைத்தது அறியாமையன்று, அறிவின் செருக்கு. வானத்தின் முகத்தைப் பார்த்து நாளைய மழையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்குக் காலத்தின் அறிகுறிகளை அறியத் தெரியவில்லையே என்று ஆண்டவர் வருந்தினார். இங்கே சிலர் வானத்தையே வாசிக்க மறுத்தனர். வாசித்தவர் தோல்வியுற்ற நாட்டவர் என்பதே காரணமாயிற்று.

செபிப்பதும் கணிப்பதும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதை வினியேஸ் அடிகளார் வாழ்ந்து காட்டினார். மன்றாட்டுக்குரிய மாதங்களை வகுத்தவர்கள் அனுபவத்தைக் கைவிடவில்லை. மேகங்களை அளந்தவர் மன்றாட்டைக் கைவிடவில்லை. ஆபத்தை முன்னறிந்து பிறனுக்குச் சொல்வது அன்பின் கடமை. சொல்பவர் எவராயினும் செவிமடுப்பது தாழ்ச்சியின் கடமை.

கால்வெஸ்டன் மக்கள் பாடம் கற்றனர். 1904-இல் 17 அடி உயரக் கடற்சுவரின் முதற்பகுதி எழுந்தது. மண்ணைக் கொட்டி நகரத்தின் தரையையே உயர்த்தினர். 1915-இல் மீண்டும் பெருஞ்சூறாவளி வந்தபோது, நகருக்குள் இறந்தோர் மிகச் சிலரே. நமக்கும் இப்பாடம் அந்நியமன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரிக்கரையின் மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எத்தனையோ இல்லங்களில் அத்தந்தையர் திரும்பவில்லை. இன்று செயற்கைக்கோள்கள் புயலை நாட்கணக்கில் முன்னரே காண்கின்றன. காண்பதற்கும் கடலில் இருப்பவன் செவிக்குச் சேர்வதற்கும் இடையே உள்ள தொலைவுதான் இன்னும் நாம் கடக்க வேண்டியது. படகில் ஒரு தொடர்புக் கருவி, கரையில் அதற்கு மறுமொழி சொல்ல ஒருவர், அவர் சொல்லை நம்பும் ஓர் ஊர்: இவற்றுக்காக உழைப்பதும் நம் மன்றாட்டின் ஒரு பகுதியே.