லைன் கிளியர் வாங்கிப் போன ஃபைல்கள்

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அக்காலத்தில் இப்படிப்பட்ட மெயின்ஃப்ரேம்களுக்குத் தீனி பஞ்ச் கார்டுதான். ஒரு கார்டில் 80 பத்தி, பத்திக்கு ஓர் எழுத்து. ஒருவர் துளையிடுவார், இன்னொருவர் அதே தாளைப் பார்த்து வெரிஃபையர் இயந்திரத்தில் மறுபடியும் அடிப்பார். எழுத்து மாறினால் இயந்திரம் நின்றுவிடும். கார்டுப் பெட்டி கைதவறி விழுந்தால் அடுக்கு கலைந்து போகும் என்பதற்காக 73 முதல் 80 வரையான பத்திகளில் வரிசை எண் போட்டு வைப்பதும் உண்டு.

குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இந்த இரட்டை வேலையின் அருமை தெரியும். சம்பளப் பட்டியலில் ஓர் இலக்கம் இடம் மாறினால் ஒரு வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவது சிரமம். பென்ஷன்காரர் என்றால் கேட்கவே வேண்டாம், ஆறு மாதம் நடக்க வேண்டும்.

பிறகு டெர்மினல் வந்தது. அதற்குச் சொந்த மூளை கிடையாது. நாம் அடிப்பதை மெயின்ஃப்ரேமுக்கு அனுப்பும், அது சொல்வதைத் திரையில் காட்டும், அவ்வளவே. பலவற்றின் திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. கார்டு போன பிறகும் கார்டின் அகலம் போகவில்லை!

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்தது. அதன்பின் அலுவலக மேஜைகளில் பி.சி. ஏறியது. இங்கேதான் சிக்கல். பிரிவில் உள்ள கணக்கு பி.சி.யின் ஃப்ளாப்பியில் இருக்கும். மூலக் கணக்கு மெயின்ஃப்ரேமில் இருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பி.சி.யில் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்து டெர்மினலில் திரும்ப அடித்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் மனிதன்தான் கம்பி.

இதற்கு வழி கண்டவர்கள் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள். அங்கே மாணவர்களுக்குப் பெரிய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. ஃபைல்களை ஃப்ளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று 1981இல் ஃப்ராங்க் ட குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் ஒரு முறையை வகுத்தார்கள். சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த தவளைப் பொம்மையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கெர்மிட். 1984இல் பைட் பத்திரிகையில் அதன் விவரம் முழுவதும் வெளியாயிற்று. எவரும் நகலெடுத்துக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அன்னியச் செலாவணிக்கு ஆலாய்ப் பறந்த நம் நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

தந்திரம் எளிமையானது. பி.சி. டெர்மினல் வேஷம் போட்டுக்கொள்ளும். இதைத்தான் டெர்மினல் எமுலேஷன் என்கிறார்கள். யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார் என்றுதான் மெயின்ஃப்ரேம் நினைக்கும். அந்தத் தட்டச்சுக்குள்ளேயே ஃபைல் துண்டு துண்டாகப் போய்விடும். மறுமுனையில் மெயின்ஃப்ரேமில் ஓடும் இன்னொரு கெர்மிட் அதைச் சேர்த்துத் தைக்கும்.

நம் மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகும் விழுப்புரம்–கடலூர் ஒற்றைப் பாதையை நினைத்துக் கொள்ளுங்கள். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி நகராது. கெர்மிட்டும் அப்படித்தான். அதிகபட்சம் 96 எழுத்து கொண்ட ஒரு துண்டை அனுப்பும். அதில் வரிசை எண்ணும் சரிபார்ப்புக் கூட்டலும் இருக்கும். மறுமுனை கூட்டிப் பார்த்து, சரி என்று பதில் சொன்னால்தான் அடுத்த துண்டு புறப்படும். கணக்கு ஒத்து வராவிட்டால் அதே துண்டு திரும்ப வரும். வெரிஃபையர் அம்மாவின் வேலையைக் கூட்டல் கணக்கு செய்தது. வேகம் குறைவு என்று இளைஞர்கள் கேலி செய்ததுண்டு. இரைச்சல் நிறைந்த அன்றைய டெலிஃபோன் கம்பியில் நிதானம்தான் காரியம் சாதித்தது என்பது என் கட்சி.

எண்கள் இப்படித் தப்பித்தன. எழுத்து விஷயம் வேறு. ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் முறையில் ஆங்கிலப் பெரிய 'ஏ'வுக்கு எண் 193, பி.சி.யின் ஆஸ்கியில் 65. வழியில் யாராவது மாற்றித் தர வேண்டும். ஆங்கிலத்துக்கு அது எளிது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு அடுத்த சங்கடம் உடனே கண்ணில் பட்டது. ஆஸ்கியில் 123ஆம் எண் நெளி அடைப்புக்குறி. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஏழு பிட் முறையில் அதே 123ஐ, மேலே சாய்கோடு போட்ட 'எ'வுக்குக் கொடுத்துவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சுப் பதிவேடுகள் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: பிறந்தார் என்று பொருள்படும் 'நே' என்ற சொல், வேறொரு திரையில் 'என்' எழுத்தும் { குறியுமாக நிற்கும். சரி, கோட்டையே எடுத்துவிடலாம் என்றால் அது 'இல்லை' என்று பொருள்படும் சொல்லாகிவிடும். பிறந்தாரா, இல்லையா?

தமிழுக்கு ஆபத்து இன்னும் பெரிது. 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக வந்த இஸ்கி முறையில் 'க'வின் எண் 179. பழைய தொடர்புக் கம்பிகள் பலவற்றில் ஏழு பிட் மட்டுமே கடக்கும். எட்டாவது பிட் வழியில் உதிர்ந்துவிடும். அதன் மதிப்பு 128. 179இல் 128 போனால் மீதி 51. ஆஸ்கியில் 51 என்பது '3' என்ற இலக்கம். கந்தசாமி என்ற பெயர் 3இல் தொடங்கும்!

இதற்கும் கெர்மிட்டில் ஏற்பாடு இருந்தது. எட்டாவது பிட் உள்ள எழுத்து வந்தால் அதன் முன்னால் & குறியைப் போட்டு அனுப்பும். 'க' என்பது &3 என்று பயணம் செய்யும்; இறங்கும் இடத்தில் & கழன்று மறுபடி 179 ஆகிவிடும். இதைச் செய்தவர்கள் தமிழை நினைத்துச் செய்யவில்லை. எந்தக் கம்பியில் எது உதிரும் என்று தெரிந்து, உதிரக்கூடியதற்கு மாற்று வழி வைத்தார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகம் 2011இல் கெர்மிட் திட்டத்தை முடித்துக்கொண்டு மூல நிரலைப் பொதுவில் விட்டுவிட்டது. நீங்கள் இப்போது படிக்கும் யூனிகோடு தமிழில் 'க'வுக்கு மூன்று பைட்டுகள். மூன்றிலும் அந்த எட்டாவது பிட் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அன்றைய ஏழு பிட் கம்பியில் அப்படியே விட்டால் ஒரு தமிழ் எழுத்துகூட மறுமுனை போய்ச் சேராது. கெர்மிட்டிடம் கொடுத்தால் சேரும்; மூன்று பைட்டுக்கும் தலா ஒரு & போட்டுக்கொண்டு, மெதுவாக.