அணைந்த மெழுகுவர்த்திகள்

1772ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இன்றைய அங்கேரி நாட்டிலுள்ள எஸ்தர்ஹாசா அரண்மனையில், கோமகன் நிக்கோலாஸ் எஸ்தர்ஹாசியின் இசைக்குழுவினர் புதிய சிம்பொனி ஒன்றை இசைத்துக் கொண்டிருந்தனர். அதை இயற்றியவர் அவர்களின் தலைவரான ஜோசப் ஹைடன். இறுதிப் பகுதியில், தத்தம் பங்கை முடித்த கலைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து, முன்னிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேறினர். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து அடங்கின. கோடை கழிந்தும் கோமகன் ஊர் திரும்பவில்லை. கலைஞர்களின் மனைவி மக்களோ தொலைவில் ஐசன்ஸ்டாட் நகரில் இருந்தனர். வாய்விட்டுக் கேட்கத் துணியாதவர்கள் இசையால் விடை கேட்டனர். குறிப்பறிந்த கோமகன் மறுநாளே பயணத்துக்கு ஆணையிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஹைடனின் நயத்துக்குச் சான்றாக இதைக் கூறுவர். ஆயினும் அக்கலைஞர்களின் வாழ்வு முழுவதும் ஒருவரது மனப்போக்கைச் சார்ந்திருந்தது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1790இல் நிக்கோலாஸ் மறைந்தார். இசையில் நாட்டமில்லாத அவர் மகன் அந்தோன், இசைக்குழுவினருள் பெரும்பாலோரை வேலையினின்று நீக்கிவிட்டார்.

ஒருவருக்குப் பதிலாகப் பலர் சேர்ந்து தாங்கினால் என்ன? 1809இல் வியன்னாவில் அதற்கொரு சோதனை நடந்தது. நெப்போலியனின் தம்பியான வெஸ்ட்பாலியா மன்னர் ஜெரோம், பெத்தோவனைத் தம் அரசவைக்கு அழைத்தார். அவரை இழக்க மனமில்லாத பெருமக்கள் மூவர், ஆண்டுதோறும் 4,000 ஃப்ளோரின் தருவதாக ஒப்பந்தம் செய்தனர். கின்ஸ்கி 1,800, பேரரசரின் தம்பி ருடால்ஃப் 1,500, லோப்கோவிட்ஸ் 700 எனப் பங்கிட்டுக் கொண்டனர். வியன்னாவை விட்டுப் போகலாகாது என்பதே அவர்கள் கேட்ட கைம்மாறு. ஆனால் 1811இல் நாணய மதிப்பு சரிந்தது. லோப்கோவிட்ஸ் கடனில் மூழ்கினார். 1812இல் கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சேரவேண்டிய பணத்துக்காகப் பெத்தோவன் வழக்காட வேண்டியதாயிற்று.

சொன்ன சொல் தவறாமல் நின்றவர் ருடால்ஃப். 1819இல் அவர் கர்தினாலாகவும் ஓல்முட்ஸ் மறைமாவட்டத்தின் பேராயராகவும் உயர்த்தப்பட்டார். அவருடைய பதவியேற்பு விழாவுக்கெனப் பெத்தோவன் தொடங்கியதே ‘மிஸா சொலெம்னிஸ்’ என்னும் திருப்பலி இசை. 1820இல் விழா முடிந்துவிட்டது. இசையோ 1823இல்தான் நிறைவுற்றது. தாமதத்துக்காக ருடால்ஃப் தம் உதவியை நிறுத்திவிடவில்லை.

கடல் கடந்து அமெரிக்காவிலும் வள்ளல்கள் தோன்றினர். 1881இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நிறுவிய ஹென்றி லீ ஹிகின்சன் வங்கித் தொழில் செய்தவர். ஏழை மாணவரும் கேட்கும்படி, ஒத்திகைகளுக்கு 25 சென்ட் மட்டுமே கட்டணம் வைத்தார். கணக்கில் விழுந்த துண்டை 1918 வரை தம் கைப்பணத்தாலேயே ஈடுசெய்தார்.

நுழைவுச்சீட்டு விற்றே இசைக்குழுவை நடத்த முடியாதா எனக் கேட்கலாம். 1966இல் பாமல், போவன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் இதற்கு விடை கூறினர். ஹைடன் காலத்து நெசவாளி ஒரு நாளில் நெய்த துணியை இன்றைய ஆலைத் தொழிலாளி சில நிமிடங்களில் நெய்துவிடுகிறார். ஆனால் ஹைடனின் சிம்பொனியை வாசிக்க அன்று தேவைப்பட்ட அதே ஆட்களும் அதே நேரமும் இன்றும் தேவை. நாட்டில் கூலி உயர உயர இசைக்கலைஞருக்கும் ஊதியம் உயரவேண்டும். வருவாயோ அவ்வேகத்தில் உயர்வதில்லை. ஆகவே பற்றாக்குறை எப்போதும் நிர்வாகக் குறையால் வருவதன்று. அது இக்கலையின் இயல்பிலேயே இருக்கிறது.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. 1900இல் தோன்றிய பிலடெல்பியா இசைக்குழு, 2011 ஏப்ரலில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. அதனிடம் மூலநிதி இருந்தது. ஆனால் கொடையாளர் விதித்த நிபந்தனைகளால் அதை விரும்பியவாறு செலவிட இயலவில்லை. கலைஞர்கள் ஊதியக் குறைப்பை ஏற்றனர். குழுவின் எண்ணிக்கையும் 105இலிருந்து 95 ஆயிற்று. 2012இல் அது மீண்டெழுந்தது.

ஹைடனின் கலைஞர்கள் தாங்களே விரும்பி விளக்கை அணைத்தனர். மறுநாள் வீடு திரும்பினர். செலவைக் குறைக்க வேண்டி அணைக்கப்படும் விளக்கு எளிதில் மீண்டும் ஏற்றப்படுவதில்லை. கோமகனும் வங்கியாளரும் ஒருநாள் மறைவர். பலர் சிறுகச் சிறுகத் தருவதும், கெட்ட காலத்திலும் நிறுத்தாமல் தருவதுமே கலையைக் காக்கும். நாம் கேட்டு மகிழும் இசைக்குப் பின்னால் யாருடைய ஊதியம் நிலுவையில் இருக்கிறது என்று நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?