கடல் கடந்த வேலை – 5: டெட்ராய்ட் பில், பம்பாய் அட்டை

சென்ற வாரம் ராஸ் பெரோவைப் பார்த்தோம். 1962ல் டல்லஸ் நகரில் அவர் தொடங்கிய இ.டி.எஸ். நிறுவனம், அடுத்த கம்பெனிகளின் கணினி வேலையைத் தன் ஆட்களை வைத்துச் செய்து கொடுத்தது. வேலை கைமாறியதே தவிர, அமெரிக்காவை விட்டு வெளியே போகவில்லை. அது கடல் தாண்டி பம்பாய்க்கு வந்தது 1974ல்.

ஏன் வந்தது என்று கேட்டால், "இங்கே சம்பளம் குறைவு" என்று எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து பார்த்தால் அது சரிதான். பம்பாயிலிருந்து பார்த்தால் காரணம் வேறு. அன்று நம்மிடம் டாலர் இல்லை. டாலர் இல்லாததால் கணினி வாங்க முடியவில்லை. கணினி வேண்டும் என்றால் டாலர் சம்பாதித்துக் காட்டு என்றது அரசாங்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கணினி ஒன்றை இறக்குமதி செய்வது எவ்வளவு பெரிய பாடு என்று இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்பாது. லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஒவ்வொரு இலாகாவாக ஏறி இறங்க வேண்டும். எல்லாம் கிடைத்தாலும் சுங்க வரி நூறு சதவீதத்தைத் தாண்டும். அதாவது எந்திரத்தின் விலையைவிட வரி அதிகம். 1972ல் அரசு ஒரு வாசலைத் திறந்தது. மென்பொருள் ஏற்றுமதிக்காக என்றால் கணினி இறக்குமதி செய்யலாம். ஆனால் அதற்குச் செலவான அந்நியச் செலாவணியை ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்றுமதியால் ஈட்டித் தர வேண்டும். இந்த நிபந்தனைக்கு முதலில் கையெழுத்துப் போட்டது டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், அதாவது டி.சி.எஸ்.

இன்று அந்தப் பெயரைக் கேட்டால் கண்ணாடிக் கட்டடங்கள் நினைவுக்கு வரும். 1968ல் அது டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு மட்டுமே. டாட்டா ஸ்டீலுக்குத் துளையட்டைக் கணக்கு, சென்ட்ரல் பேங்குக்குக் கிளைகளுக்கு இடையிலான கணக்கு நேர் செய்தல் என்று உள்நாட்டு வேலைகள் செய்துகொண்டிருந்தது. உள்நாட்டில் பெரிதாக வளரவும் வழியில்லை. கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் ஊழியர்களிடம் இருந்தது. அறுபதுகளில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கொண்டுவர இருந்த கணினியை வரவிடாமல் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1969ல் இந்தப் பிரிவுக்குப் பொது மேலாளராக வந்தவர் எஃப்.சி. கோலி. 1924ல் பெஷாவரில் பிறந்து, லாகூரிலும் கனடாவிலும் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முதுகலை முடித்தவர். டாட்டா எலக்ட்ரிக் கம்பெனியில் பம்பாய்க்கான மின் விநியோகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே மின்கட்டமைப்பை நடத்தக் கணினியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். மின்சாரத்தை விட்டு இங்கே வர அவருக்கு விருப்பமே இல்லை. வந்த பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதிலேயே தோய்ந்துவிட்டார். 1973–74ல் ஐ.இ.இ.இ. என்ற உலக மின்பொறியாளர் சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்ததால் அமெரிக்கா போய்வரும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைத்தது. சங்கக் கூட்டம் முடிந்ததும் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். அப்படித் திறந்த கதவுகளில் ஒன்று டெட்ராய்ட்டில் இருந்தது. அதுதான் பரோஸ் கார்ப்பரேஷன்.

பரோஸ் பழைய கம்பெனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்கிகளுக்குக் கூட்டல் எந்திரம் செய்து வளர்ந்தது. கணினிக் காலத்தில் ஐ.பி.எம்.முக்கு எதிராகத் தாக்குப்பிடித்த ஐந்து அமெரிக்க நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அந்த நிறுவனத்திடம் மருத்துவமனைகளுக்கான கணக்கு புரோகிராம் தொகுப்பு ஒன்று இருந்தது. நோயாளி வந்தது முதல் பில் போடுவது வரைக்குமான வேலை. கோபால் (COBOL) என்ற கணினி மொழியில், 'மீடியம் சிஸ்டம்ஸ்' என்ற நடுத்தர எந்திரங்களுக்காக எழுதப்பட்டது. அதைச் சிறிய எந்திரமான பி1700 வரிசையின் கோபாலுக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையை டி.சி.எஸ்.ஸிடம் கொடுத்தது பரோஸ்.

இரண்டும் கோபால்தானே, மாற்றுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். பெயர்தான் ஒன்று, ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒவ்வொரு வழக்கு. கோப்பை விவரிக்கும் விதம், நாடாவையும் அச்சு எந்திரத்தையும் குறிப்பிடும் விதம், எண்ணை நினைவகத்தில் அடுக்கும் விதம் எல்லாமே மாறும். மீடியம் சிஸ்டம்ஸ் எந்திரம் தசம இலக்கங்களாகக் கணக்குப் போடுவது. பி1700 ஒவ்வொரு மொழிக்கும் தன் உள்கட்டளைத் தொகுப்பையே மாற்றிக்கொள்ளும் வித்தியாசமான எந்திரம். ஒரு வரியை அப்படியே தூக்கி வைத்தால் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்தனைக்கும் பம்பாயில் டி.சி.எஸ்.ஸிடம் பரோஸ் எந்திரமே இல்லை. இறக்குமதி அனுமதி கேட்டிருந்த பி1728 இன்னும் வந்து சேரவில்லை. இருந்தது பிரிட்டிஷ்காரர்களின் ஐ.சி.எல். 1903. அதன் பிறப்பே வேறு: 24 பிட் சொல், ஒரு சொல்லுக்குள் ஆறு ஆறு பிட்டாக நான்கு எழுத்து. பரோஸ் புரோகிராமை அதில் ஓட்டிப் பார்க்க வழியே கிடையாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டி.சி.எஸ். இளைஞர்கள் புரோகிராமை ஓட்ட முயலவில்லை; அதைப் படித்தார்கள். கோபால் புரோகிராம் என்பது 80 கட்டம் கொண்ட அட்டைகளின் அடுக்கு. முதல் ஆறு கட்டத்தில் வரிசை எண். ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது வெறும் குறிப்பு. எட்டாவதில் தொடங்கினால் பிரிவின் தலைப்பு, பத்தியின் பெயர். பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டு வரை வாக்கியங்கள். எழுதியவர் யாராக இருந்தாலும், எந்த எந்திரத்துக்காக எழுதியிருந்தாலும், இந்த ஒழுங்கு மாறாது. எனவே ஐ.சி.எல். எந்திரத்தைப் பொறுத்தவரை பரோஸ் புரோகிராம் வெறும் தரவு. சம்பளப் பட்டியலைப் படிப்பதுபோல் அதையும் படிக்கலாம். மாற்ற வேண்டிய வரியை அடையாளம் கண்டு மாற்றி எழுதிக் கொடுக்கலாம். அதற்கென்று ஒரு புரோகிராமை எழுதினார்கள். 'ஃபில்டர்' என்று அதற்குப் பெயர். பழைய கோபால் ஒரு பக்கம் உள்ளே போனது, புதிய கோபால் மறுபக்கம் வெளியே வந்தது.

கையால் ஒவ்வொரு வரியாகத் திருத்தியிருந்தால் அந்த ஒரு வேலை முடிந்திருக்கும், அவ்வளவுதான். ஃபில்டர் எழுதியதால் எந்திரம் விட்டு எந்திரம் மாற்றுவது என்ற வித்தையே கைக்கு வந்துவிட்டது. இந்தியா குறைந்த கூலிக்கு மட்டுமே விலைபோனது என்று எழுதுகிறவர்கள் இந்த முதல் அத்தியாயத்தைப் படிக்காதவர்கள் என்பேன். ஐ.சி.எல். 1903ன் மேல் உட்கார்ந்து பரோஸ் எந்திரத்துக்கு வேலை செய்து கொடுத்தது மூளை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது மனதை உறுத்துகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் பில் கணக்கைப் பம்பாயில் உட்கார்ந்து சீர்செய்த அதே காலத்தில், நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லாமே பேரேட்டில்தான். ஏற்றுமதிக்கென்று சொன்னால்தான் எந்திரம் என்ற விதி, நம் முதல்தர மூளைகளை முதலிலிருந்தே வெளியே பார்க்க வைத்தது. உள்ளூர்த் தேவைக்கு மென்பொருள் எழுதுவது இரண்டாந்தர வேலை என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்ததற்கு அந்த விதிக்கும் பங்குண்டு.

அடுத்து நடந்தவை வேகமானவை. 1973ல் வந்த ஃபெரா சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளாமல் 1978ல் வெளியேறியது. அது விட்டுப்போன எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.க்கு வந்தது. பரோஸ் வேறு வழியில் போனது. டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து டாட்டா பரோஸ் என்று தனிக் கம்பெனி தொடங்கியது. பரோஸ் வேலை முழுவதும் அங்கே போய்விட, பெற்று வளர்த்த டி.சி.எஸ். கைவிடப்பட்டது.

விழுந்த இடத்தில் கைகொடுத்தது அந்த மாற்றும் வித்தைதான். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் பரோஸை விட்டு ஐ.பி.எம். எந்திரங்களுக்கு மாற நினைத்தன. இரண்டு கரையும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1979ல் நியூயார்க்கில் அலுவலகம் தொடங்க எஸ். ராமதுரையை அனுப்பினார் கோலி. நாக்பூரில் பிறந்த தமிழர். 1972ல் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவர். 1996ல் கோலிக்குப் பிறகு நிறுவனத்தின் தலைமைக்கே வந்தார்.

ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தில் கதை பின்னோக்கிப் போனது. முதல் வேலை பம்பாயில் நடந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏற்றுமதியின் பெரும்பகுதி ஆட்களை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாக மாறியது. காரணம் எளிது. டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் ஊரிலிருந்து, நியூயார்க் வங்கியின் எந்திரத்தில் இரவு வந்த பிழையைக் காலைக்குள் சரிசெய்ய முடியாது. நாடாவை விமானத்தில் அனுப்பி, பதில் நாடா வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். எனவே வாடிக்கையாளரின் கட்டடத்திலேயே நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். 'பாடி ஷாப்பிங்' என்று அதற்கு ஒரு கேவலமான பெயரும் வந்தது. வேலை உண்மையாகவே இங்கே திரும்பி வர மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன: 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை, செயற்கைக்கோள் இணைப்பு, வாடிக்கையாளர் வைத்திருக்கும் அதே எந்திரம். மூன்றாவதற்காக டி.சி.எஸ். எண்பதுகளின் இறுதியில் ஐ.பி.எம். 3090 என்ற பெரிய எந்திரத்தைச் சென்னையில் நிறுவியது. இரண்டாவதை முதலில் செய்து காட்டிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பெங்களூர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

பரோஸ் 1986ல் ஸ்பெர்ரியுடன் சேர்ந்து யுனிசிஸ் ஆனது. டாட்டா பரோஸ் டாட்டா யுனிசிஸாகி, டாட்டா இன்ஃபோடெக் ஆகி, 2006ல் டி.சி.எஸ்.ஸிலேயே வந்து கலந்தது. கோலி 2020 நவம்பரில் தம் 96வது வயதில் காலமானார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோலியின் பெயரும் ராமதுரையின் பெயரும் நமக்குத் தெரியும். குறிமுறைத் தாளில் பென்சிலால் வரி வரியாக எழுதியவர்களையும், அதை அட்டையில் துளையிட்ட பெண்களையும் இந்தத் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது இருக்கும். எழுபதுகளில் பம்பாயிலோ சென்னையிலோ கோபால் எழுதியவர், அட்டை துளைத்தவர், இரவு ஷிப்டில் எந்திரம் ஓட்டியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், உட்கார வைத்துப் பேச விடுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள்.

(தொடரும்)