மூன்று பேர், ஒரு உடல்

சாகசப் படம் தனிமனிதனை அவ்வளவாக நம்புவதில்லை. பயணத்துக்கென்று ஒரு குழுவைச் சேர்க்கிறது. குழுவில் ஒருவன் உடல், ஒருவன் அறிவு, ஒருவன் ஆன்மா. இந்தப் பாகுபாட்டின் மூலம் பிளேட்டோவின் ‘குடியரசு’. அதில் முதலில் வருவது நகரம்தான். ஆள்வோர், காவலர், உற்பத்தி செய்வோர் என்று நகரத்தில் மூன்று பிரிவுகளைக் கண்டுவிட்டு, அதே மூன்றை மனித உள்ளத்துக்குள் தேடுகிறார்: அறிவு, வீறு, இச்சை. வரிசை இயற்கையானது என்று ஜனங்கள் நம்புவதற்காகப் பொன், வெள்ளி, இரும்பு, வெண்கலம் என்று ஒரு உலோகக் கதையும் உண்டு. ஆக, யார் ஆள்வது, யார் உழைப்பது என்ற ஏற்பாடு முன்னால் வர, மனோதத்துவம் அதன் பின்னால் வந்திருக்கிறது. சினிமா இந்த மூவரைச் சுவீகரித்துக்கொண்டபோது ஏற்பாடும் கூடவே வந்துவிட்டது. எனவே எந்தப் பாத்திரம் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை. செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

1939-ல் வந்த ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் வைக்கோல் பொம்மைக்கு மூளை வேண்டும், தகர மனிதனுக்கு இதயம், சிங்கத்துக்குத் தைரியம். மந்திரவாதி கொடுப்பதோ ஒரு பட்டம், இதய வடிவில் ஒரு கடிகாரம், ஒரு பதக்கம். அறிவு என்பது ஒரு காகிதம் என்ற கேலி இன்றும் மங்கவில்லை. திரையில் இது வேடிக்கை. படப்பிடிப்பில் வேறு கதை நடந்தது. தகர மனிதனாக முதலில் நடித்த பட்டி எப்சென், முகப்பூச்சின் அலுமினியத் தூளைச் சுவாசித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பூச்சை மாற்றி, வேடத்தை ஜாக் ஹேலிக்குக் கொடுத்தார்கள். இதயம் கேட்டு நடக்கும் பாத்திரத்துக்காக ஒரு மனிதனின் மூச்சு திணறியிருக்கிறது.

ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) படகில் மூவர்: கூலி பேசிச் சுறா பிடிக்க வந்த க்விண்ட், வசதியான வீட்டு விஞ்ஞானி ஹூப்பர், தண்ணீரைக் கண்டு பயப்படும் போலீஸ் அதிகாரி பிராடி. ஹூப்பரின் கையைப் பிடித்துப் பார்த்து, பட்டணத்துக் கை என்று ஏளனம் செய்கிறான் க்விண்ட். இரவில் இருவரும் தழும்புகளைக் காட்டிப் போட்டி போடுகிறார்கள். பிராடி தன் வயிற்றுத் தழும்பைத் தானே பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறான். பிறகு க்விண்ட் ‘இண்டியானாபொலிஸ்’ கப்பலைப் பற்றிச் சொல்கிறான். அணுகுண்டின் பாகங்களை டினியன் தீவில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அந்தக் கப்பலை 1945 ஜூலை 30-ல் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 1,200 பேர், மீண்டவர்கள் 316. அறிவு செய்து முடித்த ஒன்றை உடல்கள் சுமந்துபோயின. நாட்கணக்கில் கடலில் மிதந்து சுறாக்களுக்கு இரையாயின. இந்த ஒரு காட்சியில் படத்தின் பாகுபாடே கலைகிறது. படகில் நினைவும் துக்கமும் குடியிருப்பது உடல் என்று நாம் ஒதுக்கிவைத்த க்விண்டிடம்தான்.

ஆனால் படம் தன் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை. க்விண்டைச் சுறா தின்கிறது. ஹூப்பரின் காற்று உருளையைச் சுட்டு வெடிக்கவைத்துப் பிராடி சுறாவைக் கொல்கிறான். ஹூப்பர் உயிரோடு மேலே வருகிறான். 1974-ல் வெளியான பெஞ்ச்லியின் நாவலில் அவனும் செத்துப்போகிறான். ஆஸ்திரேலியக் கடலில் நிஜச் சுறா ஒன்று கூண்டில் சிக்கி மூர்க்கமாகப் புரண்டது படமாகிவிட்டது. கூண்டில் ஆள் இல்லை. அந்தக் காட்சியை விட மனமில்லாமல் ஹூப்பரைத் தப்பவைத்தார்கள். அறிவு பிழைத்தது ஒரு காலிக் கூண்டின் தயவில். க்விண்டுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) படத்திலும் மூவர் தடைசெய்யப்பட்ட நிலத்துக்குள் போகிறார்கள். எழுத்தாளன், பேராசிரியன், வழிகாட்டியான ஸ்டாக்கர். கலை, விஞ்ஞானம், விசுவாசம். ஆசைகளை நிறைவேற்றும் அறையின் வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். பேராசிரியன் அறையைத் தகர்க்கக் கொண்டுவந்த குண்டைப் பிரித்துத் தண்ணீரில் எறிகிறான். யாரும் சாகவில்லை. இந்த மூவரில் உடல் எங்கே? அது வீட்டில் இருக்கிறது. புறப்படும்போது தரையில் விழுந்து கதறும் மனைவியும், கால் வழங்காத பெண்குழந்தையும் பயணத்தில் சேர்க்கப்படவில்லை. அப்பன் போய்வந்த நிலத்தின் விலையைக் குழந்தை தன் கால்களில் கட்டியிருக்கிறது. தார்க்கோவ்ஸ்கிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. அதனால்தான் பயணம் முடிந்தபின் மனைவி நேரே காமிராவைப் பார்த்துத் தன் வாழ்க்கையைப் பேசுகிறாள். கடைசியில் குழந்தை மேஜையில் தலை சாய்த்துப் பார்க்கப் பார்க்கத் தம்ளர்கள் நகர்கின்றன. மூன்று ஆண்கள் தேடிப்போய்த் தொடாமல் திரும்பிய அற்புதம், நடக்கமுடியாத அந்த உடலின் முன்னால் சமையலறையில் நடக்கிறது.