பட்டியலில் 752 பேர், கோட்டையில் 296 பேர்

கொஞ்ச நாளாக, ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்த பிறகும் லேப்டாப்பை மூடாமல் விண்டோலாண்டா மரப்பலகைகளை மேய்ந்துகொண்டிருக்கிறேன். ரோமப் பேரரசு என்றதும் நமக்கு சீசர், கொலோசியம், கிளாடியேட்டர் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பேரரசின் வடமேற்குக் கடைக்கோடியில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போயிருக்கும்? அதை அங்கே இருந்தவர்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விண்டோலாண்டா என்பது இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த ஒரு ரோமக் கோட்டை. 1973-ல் அங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்த ராபின் பர்லிக்கு, குப்பைமேட்டில் ஒன்றோடொன்று ஒட்டிய மரச்சீவல்கள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மையால் எழுதியிருந்தது. அஞ்சலட்டை அளவு, தடிமன் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். காற்றுப் புகாத ஈர மண்ணில் கிடந்ததால் மக்கவில்லை. மங்கிய எழுத்தை அகச்சிவப்புப் படம் எடுத்துப் படித்தார்கள். பெரும்பாலானவை கி.பி. 122-ல் ஹாட்ரியன் சுவர் கட்டத் தொடங்குவதற்கும் முந்தியவை. அதாவது எல்லை இருந்தது, சுவர் இன்னும் வரவில்லை.

என்னை முதலில் பிடித்து இழுத்தது ஒரு தலைக்கணக்கு. கி.பி. 90 வாக்கில், ஒரு மே 18-ஆம் தேதி எழுதியது. துங்கிரியர் முதல் படைப்பிரிவு, தளபதி யூலியுஸ் வெரேகுண்டுஸ். மொத்தம் 752 பேர், அதில் நூற்றுவர் தலைவர்கள் 6 பேர். இப்போது கழித்தலைப் பாருங்க. 337 பேர் கோரியா என்ற இடத்தில். 46 பேர் ஆளுநரின் மெய்க்காவல் படையில். ஒரு நூற்றுவர் தலைவர் லண்டனில். இப்படியே போய், வெளியூரில் 456 பேர். கோட்டையில் மிச்சம் 296. அதிலும் 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்நோய். ஆக, வேலைக்கு லாயக்கானவர்கள் 265 பேர். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு நூற்றுவர் தலைவர்.

ப்ராஜெக்ட்டில் பேருக்கு நாற்பது பேர், நிஜத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது பதினைந்து பேர் என்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. ஆனால் அந்த நிலையை மறைக்காமல், காயம் எத்தனை, கண்நோய் எத்தனை என்று பிரித்து எழுதியிருக்கிறார்களே, அதுதான் விஷயம்.

அடுத்து வந்த படேவியர் ஒன்பதாம் படைப்பிரிவில் இன்னொரு வகை அறிக்கை இருக்கிறது. தேதி, படைப்பிரிவின் பெயர், அப்புறம் ஒரே வாசகம்: இருக்க வேண்டியவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள், தளவாடமும் சரியாக இருக்கிறது. கீழே, கொண்டுவந்து கொடுத்தவர் பெயர். இதே அச்சில் இருபதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. நம்ம சர்வர் நிமிஷத்துக்கு ஒருதரம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லுமே, அதே வேலைதான்.

சரக்குப் போக்குவரத்தும் பலகைகளில்தான் ஓடியது. ஒக்டாவியுஸ் என்பவர் காந்திதுஸ் என்பவருக்கு எழுதுகிறார்: தானியம் வாங்கியிருக்கிறேன், உடனே 500 தெனாரியஸாவது அனுப்பு, இல்லாவிட்டால் முன்பணமாகக் கொடுத்த சுமார் 300-ம் போய்விடும். வேறொரு ஊரில் தோல் சரக்கு கிடக்கிறது, போய் எடுத்து வரலாம், ஆனால் சாலை மோசம். ரோமச் சாலைகளைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு, இந்த ஒரு வரி போதும்.

ஒரு கணக்கில் கம்பக்ஸ் என்ற ஆள் மிளகுக்கு 2 தெனாரியஸ் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமுக்குப் போன மிளகு மேற்குக் கடற்கரையிலிருந்து போனது. நம்ம முசிறி அதற்குப் பெயர்போன துறைமுகம். அங்கே கப்பல் ஏறியது செங்கடல், அலெக்சாண்டிரியா வழியாக பிரிட்டனின் குளிர் வரை போயிருக்கிறது.

சரி, இவ்வளவு கணக்கு எழுதியவர்கள் யார்? ரோம் நகரத்துக்காரர்கள் இல்லை. துங்கிரியர் இன்றைய பெல்ஜியம் பக்கம், படேவியர் நெதர்லாந்துப் பக்கம். படேவியர்கள் கி.பி. 69-ல் ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து அடக்கப்பட்டவர்கள். ஒரு தலைமுறை கழித்து, அதே இனத்தின் படைப்பிரிவு ரோமுக்காக இன்னொரு நாட்டைக் காவல் காக்கிறது, அதுவும் லத்தீனில் கணக்கு எழுதிக்கொண்டு.

அந்த நாட்டு மக்கள்? ஒரு பலகையில் பிரிட்டானியர்களின் சண்டை முறையைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. அவர்களுக்குக் கவசம் கிடையாது, குதிரைவீரர்கள் ஏராளம், ஆனால் வாள் பயன்படுத்துவதில்லை என்கிறது. அவர்களைச் சுட்ட 'பிரித்துன்குலி' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 'அற்ப பிரிட்டானியப் பசங்க' என்கிற தொனி. நேற்று அடக்கப்பட்டவன் இன்று அடக்கப்படுகிறவனைப் பார்க்கும் பார்வை அது.

நிர்வாகம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இன்னொரு கடிதத்தில் துப்பு இருக்கிறது. பிரிகியோனுஸ் என்பவருக்காக, லுகுவாலியத்தில் (இன்றைய கார்லைல்) வட்டாரப் பொறுப்பில் இருக்கும் நூற்றுவர் தலைவரிடம் சிபாரிசு செய்யச் சொல்கிறார் ஒருவர். அந்தப் பகுதியில் அரசாங்கம் என்றால் ஒரு ராணுவ அதிகாரி. அவரிடம் போக ஒரு சிபாரிசுக் கடிதம். ஆள் தெரியாதவன் என்ன செய்வான்?

அதற்கு ஒரு பலகை பதில் சொல்கிறது. ஒரு வியாபாரி. கோதுமை விற்ற கணக்கும் அதே கையெழுத்தில் இருக்கிறது, அந்தப் பலகையின் பின்பக்கத்திலேயே இந்த மனுவையும் எழுதியிருக்கிறார். யாரோ அவரைப் பிரம்பால் ரத்தம் வர அடித்திருக்கிறார்கள். தளபதியிடம் முறையிடப் போனால் அவருக்கு உடம்பு சரியில்லை. மற்ற அதிகாரிகளிடமும் நூற்றுவர் தலைவர்களிடமும் சொல்லிப் பார்த்தார், பலனில்லை. அதனால் மேலிடத்துக்கு, ஒருவேளை ஆளுநருக்கோ பேரரசருக்கோ, எழுதுகிறார். நான் குற்றமற்றவன், கடல் கடந்து வந்தவன், என்னை இப்படி அடிக்கலாமா என்பது அவர் கேள்வி.

'கடல் கடந்து வந்தவன்' என்பதில்தான் நான் நின்றுவிட்டேன். உள்ளூர்க்காரனை அடிப்பது சகஜம், என்னையுமா என்று கேட்பது போலத்தான் என் காதில் விழுகிறது.

இந்தப் பலகை கிடைத்த இடம் படைக் குடியிருப்பில் ஒரு நூற்றுவர் தலைவரின் அறைப்பக்கம். யார் மேல் புகாரோ அந்த வட்டாரத்திலேயே கிடந்திருக்கிறது. சுத்தமாகப் பிரதி எடுத்து அனுப்பினாரா, பதில் வந்ததா, எதுவும் தெரியாது.

அந்தப் படையில் எத்தனை பேருக்குக் கண்நோய் என்று 1900 வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. மேலே போவதற்கென்றே ஒரு வழி வைத்து எழுதிய கணக்கு அது. அடிபட்ட வியாபாரிக்கு அந்த வழி இல்லை, ஆனால் எழுதத் தெரிந்திருந்தது. அதனால் பாதி மனுவாவது மண்ணுக்குள் தப்பியது. உள்ளூர் பிரிட்டானியர் யாராவது பிரம்படி பட்டிருந்தால், அதைச் சொல்ல ஒரு மரச்சீவல்கூட இல்லை.